இருட்டில் ஒரு டிக்

கரண்ட் இப்போதைக்கு வராது, கிட்டே வந்து உட்காருங்கள். ஏலே மதன்குமார், போன் லைட்டை அணை. இது வெளிச்சம் ஆகாத கதை. நம்ம மருதுபாண்டி இருக்கிறானே, அவன் அக்கா மகள் ஜெகதீஸ்வரிக்கு நடந்தது.

ஞாயிற்றுக்கிழமை. உச்சி வேளை, மணி பன்னிரண்டு. அருப்புக்கோட்டையிலிருந்து திருச்சுழி போகிற ரோடு. இரண்டு பக்கமும் கருவேலங்காடு... ஒரு காக்கா கிடையாது. ஸ்கூட்டியில் தனியாகப் போகிறாள். அந்த ரோட்டில் ஒரு கல்லூரியில் ஆராய்ச்சி மாணவி அவள். ஞாயிறு எதற்கு என்கிறீர்களா? அன்றைக்குத்தான் ஊர் விசைத்தறிகள் ஓடாது, கரண்ட் ஆடாமல் வரும்.

காற்றை உறிஞ்சி எடுத்த கலத்துக்குள் அயனிகளை அடைத்து வைத்து, ஒளியைப் பாய்ச்சுவாள். ஒளியை விழுங்கிய அயனி ஒரு எலெக்ட்ரானை உதறும். ஒன்று கழன்றால் மிஷினில் ஒரு ‘டிக்’. அதற்கு முன்னால், ஒளியே இல்லாத கும்மிருட்டில் எண்ணிப் பார்க்க வேண்டும். ஒரு டிக் கூட வரக்கூடாது.

முந்தின வாரம் யாரோ கதவைத் திறந்ததில் இரண்டு மாத உழைப்பு நாசம். அதனால் செருப்பை வாசலில் கழற்றிவிட்டு, போனையும் வண்டிச் சாவியையும் வாட்ச்மேன் வீரபத்திரனிடம் கொடுத்தாள்.

"அண்ணே, வெளிய தாப்பாளப் போட்டுருங்க. ரெண்டு மணி வரைக்கும் நானே கத்துனாலும் தெறக்காதீக."

படித்த பிள்ளை செய்கிற காரியமா இது!

உள்ளே கதவிடுக்கு முழுக்கக் கறுப்புத் துணி. தன் கையே தெரியவில்லை. காற்றை உறிஞ்சுகிற பம்ப் மட்டும் ம்ம்ம்... என்று. அரை மணி நேரம் போயிருக்கும்.

டிக்.

ஒன்றே ஒன்று. பிறகு முடி கருகின வாடை... உடம்பிலிருந்து எதையோ உருவின மாதிரி ஒரு வெறுமை. பயந்துபோய்க் கதவைத் தட்டினாள்.

"அண்ணே, தெறங்கண்ணே!"

வெளியே குழாயில் தண்ணீர் விழுந்தது... நின்றது. ஒரு ஸ்கூட்டி கிளம்பியது. அவள் வண்டிதான். அதன் இருமல் அவளுக்குத் தெரியாதா?

கத்தினாள். நகம் பெயரப் பிறாண்டினாள். மூச்சு முட்டியது. இங்கேயே செத்துப்போவேன் என்றுதான் நினைத்தாளாம். யாரும் திறக்கவில்லை.

இரண்டு மணிக்குத் தாழ்ப்பாள் விலகியது. வீரபத்திரன் அவளைப் பார்த்ததும் இரண்டடி பின்னால் போனான்.

"நீங்க... ஒரு மணிக்கே போயிட்டீகளேம்மா! கொழாயில மொகம் கழுவிட்டு, சாவிய வாங்கிக்கிட்டு, ‘உள்ள யாரு தட்டுனாலும் தெறக்காதீக’ன்னு சொன்னீக. பின்வாசல் வழியா வந்தீகன்னு நெனச்சேன்..."

அந்த அறைக்குப் பின்வாசலே கிடையாது. வாசலில் அவள் செருப்பும் இல்லை.

அவனிடம் இருந்த தன் போனைப் பிடுங்கி வீட்டுக்கு அடித்தாள். எடுத்தது அம்மா சந்தனம்மாள்.

"அம்மா, நாந்தாம்மா..."

தாழ்ந்த குரலில் அம்மா கேட்டாள்.

"எம்மக அப்பவே வந்துட்டா. லைட்டப் போடாதம்மான்னு சொல்லிட்டு உள்ள படுத்திருக்கா. அவ போனு ஒனக்கு எப்படிக் கெடச்சது? யாருடி நீ?"