அப்பாதுரையின் கைராசி

— கார் இந்தச் சந்துக்குள்ள வராது அப்பாதுரை. மெயின் ரோடு வரைக்கும் நடக்கணும். சட்டையை மாத்திண்டு கெளம்பு. மூணு மணிக்கு மனு வாங்கறதை நிறுத்திடுவா.

— இருங்கோ சார். ரெண்டு தபா எம்.பி.யா இருந்தவரு, நின்னுக்கினே பேசறீங்கோ. எல்லம்மா, அந்தச் சேர எடுத்துப் போடு.

— போட்டுக்கினுதான் கீறேன். இருவது வருசம் கழிச்சு வூடு தேடி வந்துக்கீறாரு சம்பத்குமார் சாரு. தரையிலயா குந்த வெப்பேன்?

— நீ மாறவே இல்லை எல்லம்மா.

— நான் இன்னாத்துக்கு மாறணும்? அதே தொடப்பம், அதே ரோடு. நீங்கதான் கட்சி மாறினீங்க.

— மாறலம்மா. கட்சி ஒடைஞ்சுடுத்து. அர்த்தமாயித்தா? சின்னம் அவாளுக்குப் போயிடுத்து. நமக்கு அங்கீகாரமும் இல்லை. முன்னெல்லாம் மனுவுல ஒருத்தர் முன்மொழிஞ்சா போறும். இப்ப பத்து பேர் வேணுங்கறா.

— ஆளு சேந்துடுச்சா சார்?

— ஒம்போது ஆச்சு. மாட்டுப்பொண் ஸ்னேஹா, டிரைவர், சமையல் கோமளம், மாடியில குடியிருக்கறவா ரெண்டு பேர்...

— எல்லாம் வூட்டுக்குள்ளயே முடிஞ்சுபோச்சு. அன்னிக்கு மனு போட லாரி லாரியா ஜனம் வந்துச்சே, அதுல ஒருத்தரும் மிச்சமில்லயா?

— எல்லம்மா, சும்னிரு, பேசாத.

— பேசட்டும்ப்பா. அப்பாதுரை, இதோ பாரு, பேப்பர்ல மொதல் எடத்தைக் காலியா விட்டிருக்கேன். உனக்குத்தான். நீ கைநாட்டு. அதை ஆபீசர் முன்னாடிதான் வெக்கணும். அதான் நானே வந்தேன்.

— எனக்கு எதுக்கு சார் மொதல் எடம்?

— தொண்ணூத்தாறை மறந்துட்டியோ? செவுத்துல போஸ்டர் ஒட்டிண்டிருந்தே. பசைக்கையோட உன்னைக் கூட்டிண்டு போனேன். கட்டைவிரலை வெச்சே. நாலாயிரம் ஓட்டுல ஜெயிச்சேன். தொண்ணூத்தெட்டுல மச்சினன் கையெழுத்துப் போட்டான், தோத்தேன். அடுத்த வருஷமே திரும்ப எலக்ஷன், திரும்ப அவன், திரும்பத் தோத்தேன். ரெண்டாயிரத்து நாலுல மறுபடியும் உன் விரல். ஜெயிச்சேனா இல்லையா?

— ஜெயிச்சீங்கோ. அப்பறம் ஏன் சார் வரல?

— புத்தி கெட்டுப் போச்சு. ஒம்போதுல ஸ்ரீஹர்ஷா கேட்டான், என் பேரு மொதல்ல இருக்கட்டும்ப்பான்னு. புள்ளையாச்சே. போச்சு. பதினாலுல வேற தொகுதிக்குத் தள்ளினா, டெபாசிட்டே போச்சு. பத்தொம்போதுல சீட்டைத் தூக்கிக் கூட்டணிக்காரனுக்குக் குடுத்துட்டா. எழுபத்திமூணு வயசாறது அப்பாதுரை. இது கடைசி. அந்தச் சபையில இன்னும் ஒரு தடவை ஒக்காந்துட்டேன்னா போறும். மொத்தம் எழுபது கேள்வி கேட்டிருக்கேன் தெரியுமோ அங்கே?

— இந்தச் சந்தப் பத்தி எத்தினி கேட்டீங்க?

— குழாய் போட்டுக் குடுத்தேனேம்மா.

— போட்டீங்க. உங்க பேரு வெட்டின கல்லும் வெச்சீங்க. கொழாய்ல தண்ணி வர்ல. கல்லு மட்டும் துணி தொவைக்க ஷோக்கா கீது.

— எல்லம்மா, உள்ள போ.

— போவ மாட்டேன். நீ சொல்ல மாட்ட. நான் போனா நீ அப்பிடியே அவரு பின்னால நடந்துடுவ.

— என்னத்தைச் சொல்லணும்? பணம் காசு ஏதாவது...

— அதெல்லாம் இல்ல சார். ரெண்டாயிரத்து நாலு எலக்சன்ல மூணு நாளு தூங்காம உங்களுக்கு வேல செஞ்சேன். எங்க மொதலாளிகிட்ட லீவு சொல்றேன்னு சொன்னீங்கோ.

— சொல்லியிருப்பேனே.

— சொல்லல சார். எண்ணி முடிச்சு, நீங்க ஜெயிச்சு, ராவெல்லாம் பட்டாசு வெடிச்சோம். காத்தால பீன்யா பேக்டரில மொத ஷிப்ட்டு. வர்லன்னா வேல இல்லன்னுட்டாங்கோ. போனேன்.

— சரிப்பா, வழியில பேசிக்கலாம். மணி ஒன்றரை தாண்டிடுத்து. துண்டைத் தோள்ல போட்டுண்டு வாயேன். எதுக்குக் கையில சுத்திண்டிருக்கே?

— பழக்கம் சார். யாராச்சும் வந்தா சுத்திக்குவேன்.

— வந்தது முதல் பாக்கறேன்.

— அன்னிக்கே உங்க வூட்டாண்ட வந்தேன் சார். கேட்டாண்ட உங்க பி.ஏ. சரவணன் நின்னுக்கினு இருந்தாரு. ஆஸ்பத்திரிக்கு ஒரு லெட்டரு கேட்டேன். சாரு டெல்லி போயிட்டாருன்னாரு.

— சரவணன் என்கிட்ட ஒண்ணும் சொல்லலையே.

— நீங்க உள்ளதான் இருந்தீங்கோ. மைக்ல உங்க கொரலு வெளிய வரைக்கும் கேட்டுச்சு. எல்லாருக்கும் நன்றி சொன்னீங்கோ. என் பேரு கூட வந்துச்சு. ஸ்ரீராம்புரம் அப்பாதுரையோட கைராசின்னீங்கோ. ஜனம் கை தட்டுச்சு.

— வாஸ்தவம்தானே. இன்னிக்கும் அதைத்தான் சொல்றேன்.

— இன்னும் எதுக்குய்யா மூடி வெச்சுக்கினு கீற? அவுத்துக் காமி. அவரு தேடி வந்தது அந்த எடது கையத்தான?

— ...பகவானே.

— ப்ரெஸ் மிஷினு சார். நின்னுக்கினே தூங்கிட்டேன். கட்ட வெரலும் பக்கத்து வெரலும். துண்டுல சுத்தி எடுத்துக்கினுதான் உங்க கேட்டாண்ட வந்தேன்.

— அவங்க உள்ள வுட்டிருந்தா, அப்பவே காமிச்சிருப்பாரு.

— எனக்குத் தெரியவே தெரியாது அப்பாதுரை. சத்தியமா தெரியாது. இருபது வருஷம்... ஒருத்தராவது சொல்லியிருக்கப்படாதா?... மணி என்ன ஆறது?

— ரெண்டாவப் போவுது சார்.

— அப்பாதுரை... வலது கை கட்டைவிரல் இருக்கோல்லியோ? எடது இல்லேன்னா வலதை வெக்கலாம். ஆபீசர்கிட்ட நான் பேசிக்கறேன்.

— இருக்குது சார். அது சோறு திங்கற கை.