கதவு பிடிக்கிறவன்

எனக்குச் சுருதி பிடிபடாது, ஐயா. கச்சேரியில் கைதட்டும்போதுகூடப் பக்கத்து நாற்காலியைப் பார்த்துத்தான் தட்டுவேன். என் மனைவிக்கு அது பெரிய வேடிக்கை.

அவள் வயலின் வாசிப்பவள். வயலின்காரர்கள் கதவைத் திறப்பதில்லை. ஒரு கையில் வயலின், மறு கையில் வில். யாராவது கதவைப் பிடிக்க வேண்டும். ஐந்து வருடம் அவளுக்குப் பிடித்தேன். அவள் நோயில் போன பிறகு, எங்களோடு இருந்த அவள் தங்கைக்குப் பிடித்தேன். பதினெட்டு வயது. அக்காவின் வயலினைத்தான் வாசித்தாள்.

காலை ஆறு முதல் எட்டு வரை பயிற்சி. சுவருக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்து காபி குடிப்பேன். வாசிப்பது அக்காவா தங்கையா என்று எனக்குப் பிரித்துச் சொல்லத் தெரியாது. அந்த இரண்டு மணி நேரமும் என் மனைவி வீட்டில் இருந்தாள்.

சர்வதேசப் போட்டியின் இறுதிச் சுற்றுக்கு மூன்று பேர் வந்தார்கள். முதல் பரிசு, வெளிநாட்டில் நான்கு வருடப் படிப்பு. நடுவர்கள் இவளைப் பார்த்த பார்வையிலேயே முடிவு தெரிந்துவிட்டது.

பயிற்சி அறையில் சிரித்துக்கொண்டே கேட்டாள். "நான் போயிட்டா சாப்பாட்டுக்கு என்ன அத்தான் பண்ணுவீங்க? நீங்க வெந்நீர் வச்சாலே அடிபிடிக்கும்."

"பழகிக்குவேன்."

"வயலினும் என்கூட வந்துடும். பரவாயில்லையா?"

"உனக்குத்தானே உங்கக்கா குடுத்தா."

மேடையிலிருந்து அழைப்பு வந்தது. சத்தம் வெளியே போகாதபடி அங்கே கதவுகள் கனமானவை. தோள் கொடுத்துத்தான் தள்ள வேண்டும். வாசலில், "செருப்பு வார் முறுக்கியிருக்கு பாரு" என்றேன். முறுக்கியிருக்கவில்லை. "இதைக் கொஞ்சம் பிடிங்க அத்தான்" என்று வயலினையும் வில்லையும் நீட்டினாள். ஒற்றைக் காலில் நின்று, இடது கையைக் கதவு நிலையில் ஊன்றிக்கொண்டு குனிந்தாள்.

முதலில் வயலினை மேசைமேல் வைத்தேன். அதற்கு ஒன்றும் ஆகிவிடக் கூடாது. பிறகு கதவுக்குத் தோளைக் கொடுத்தேன்.

நல்ல கதவு. அடுத்த அறையில் வாசித்துக்கொண்டிருந்தவன் ஓர் இடத்திலும் தடுமாறவில்லை.

இடது கையில் மூன்று விரல்கள் நசுங்கின. "டம்ளர் பிடிக்கலாம்" என்றார் மருத்துவர். வயலினைப் பற்றி அவர் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை.

இப்போது வீட்டில்தான் இருக்கிறாள். காலை ஆறு மணிக்கு வயலினைத் துடைத்து அவள் மடியில் வைத்துவிட்டு, சுவருக்கு இந்தப் பக்கம் வந்து உட்காருவேன். எட்டு மணிக்குப் போய் எடுத்து வைப்பேன்.

"கதவு எப்படி அத்தான் மூடிச்சு?" என்று ஒரு நாள் கேட்டாள்.

"காத்துல."

அந்த அறைக்கு ஜன்னலே கிடையாது. அவளுக்கும் தெரியும். அதற்குமேல் ஒன்றும் கேட்கவில்லை. மன்னித்துவிட்டாள் என்று எடுத்துக்கொண்டேன்.

நீங்கள் காட்டும் புகாரில் இருப்பது அவள் கையெழுத்துதான். மூன்று பக்கம். ஓர் அடித்தல் திருத்தல் இல்லை. கோபம், ஐயா. சின்னப் பெண்தானே.

என்னைச் சீக்கிரம் அனுப்பிவிடுங்கள். மணி ஒன்றாகப் போகிறது. நான் ஊட்டிவிடாவிட்டால் அவளால் சாப்பிட முடியாது.