டோர்டோன் பள்ளத்தாக்கில் எட்டு நாள்

துடுப்புப் படகில் போகிறவர்கள் புளியோதரை கட்டிக்கொண்டு போவதுதான் புத்திசாலித்தனம். ரொட்டி நனைந்தால் கூழாகிவிடும். புளியோதரை டப்பாவுக்குள் தண்ணீர் புகுந்தாலும் பாதிக்கு மேல் தேறும். பிரான்ஸுக்குக் கிளம்பும் நம் ஆட்களுக்கு இதை ஏனோ யாரும் சொல்வதில்லை.

ஜெயலட்சுமி மேடம், நடந்ததை வரிசையாக எழுதித் தரும்படி கேட்டிருந்தீர்கள். நீங்கள் தாமரையின் வக்கீல் என்பது எனக்குத் தெரியும். அதனால் உங்கள்மேல் எனக்கு ஒரு வருத்தமும் இல்லை. வரிசையாக எழுதுவது எனக்குக் கைவந்த வேலை. குவைத்தில், ஃபர்வானியாவில் எங்கள் பில்டிங்கில் யார் டூர் போனாலும், "அனந்தகிருஷ்ணன் சார், ஒரு பிளான் போட்டுக் குடுங்க" என்று என் கதவைத்தான் தட்டுவார்கள். எத்தனை மணிக்கு எழுந்திருப்பது, எந்தக் கோட்டைக்கு எத்தனை படி, எங்கே டாய்லெட் என்று எல்லாவற்றையும் போட்டு, லேமினேட் செய்து கொடுப்பேன்.

போன ஜூனில் நாங்கள் மூன்று பேர் போனோம். நான், என் மனைவி தாமரை, ஒன்பது வயது மகள் சம்யுக்தா. பக்ரீத் லீவோடு சில நாள் சேர்த்து மொத்தம் எட்டு நாள். அந்த டோர்டோன் ஆறு இருக்கிறதே, அது ஒரு அவசரமும் இல்லாத ஆறு. இரண்டு பக்கமும் வால்நட் தோப்பு. நிமிர்ந்தால் பாறை, பாறைமேல் கோட்டை. இந்தக் கரைக் கோட்டைக்காரனும் அந்தக் கரைக் கோட்டைக்காரனும் ஒரு காலத்தில் வருடக்கணக்கில் அடித்துக்கொண்டார்களாம். இப்போது இரண்டிலும் ஐஸ்கிரீம் விற்கிறார்கள். இரண்டாம் நாள் சர்லா என்ற ஊரின் சந்தை. வாத்து ஈரலைக் கடை கடையாக அடுக்கி வைத்திருந்தார்கள். தாமரை மூக்கைப் பொத்திக்கொண்டு சிரித்தபடியே நடந்தாள். மூன்றாம் நாள் படிராக் பள்ளம். பூமிக்குள் நூறு மீட்டர் இறங்கினால் அங்கேயும் ஒரு ஆறு, அதிலும் படகு. சம்யுக்தா வாயை மூடவே இல்லை.

நாங்கள் ஏன் போனோம் என்று கேட்பீர்கள். அதுதான் விஷயம்.

தாமரை என்னை விட்டுப் போவதென்று முடிவு செய்திருந்தாள். அடி, உதை, குடி என்று எதுவும் கிடையாது. நீங்களே அவளைக் கேட்டுப் பாருங்கள். "நீங்க போடுற டைம்டேபிள்ல நான் எங்க இருக்கேன்னே தெரியலங்க. மூச்சு முட்டுது" என்றாள். திருச்சியில் அவள் அம்மா வீட்டுக்குப் பக்கத்திலேயே ஒரு பள்ளிக்கூடம் பார்த்து, பாப்பாவுக்கு இடமும் வாங்கிவிட்டாள். நாங்கள் டூரிலிருந்து திரும்பிய இரண்டாவது வாரம் இரண்டு பேரும் ஒரேயடியாகக் கிளம்புவதாக இருந்தது.

எனக்குப் பயமாகத்தான் இருந்தது, மேடம். அதை மறைப்பானேன். ஆபீஸ் விட்டு வந்து கதவைத் திறந்தால் பிள்ளை இல்லாத வீடு. ஆனால் நான் கத்தவில்லை. பள்ளிக்கூடத்து டி.சி. விண்ணப்பத்தில் அப்பாவின் கையெழுத்து வேண்டும் என்றாள். அங்கேயே நின்றபடி போட்டுக் கொடுத்தேன். போட்டால்தானே நம்பிக்கை வரும். அப்புறம் சொன்னேன்: "சண்டை இல்லாமப் பிரிவோம் தாமரை. கடைசியா ஒரு தடவ மூணு பேரும் எங்கயாவது போயிட்டு வரலாம். நல்ல காத்து இருக்கிற இடமாப் பாக்குறேன்."

அவள் அழுதுவிட்டாள். நான் இவ்வளவு பெருந்தன்மையாக இருப்பேன் என்று அவள் எதிர்பார்க்கவில்லை.

நீங்கள் சென்னையில் இருப்பவர், அதனால் ஒன்றை விளக்க வேண்டும். இங்கே குடும்பம் வைத்திருக்கும் ஆண்கள் எல்லோரிடமும் ஒரு ஜிப் பை இருக்கும். வீட்டில் எல்லோருடைய பாஸ்போர்ட்டும் அதில்தான். கவுண்டரில் எடுத்து நீட்டுவதும் திரும்ப வாங்கி வைப்பதும் அவர்தான். பெண்டாட்டி அதைத் திறந்து பார்ப்பதில்லை; அவசியமும் வருவதில்லை. தாமரை பதினோரு வருடம் குவைத்தில் இருந்தாள். கார் ஓட்டினாள், டியூஷன் எடுத்தாள், ஷாப்பிங் மாலில் எனக்கு வழி சொன்னாள். அத்தனை வருடமும் அவள் விசா இருந்தது என் ஸ்பான்சரில், என் கையெழுத்தில். என்னை விட்டுப் போவதற்கு ஆயிரம் ஏற்பாடு செய்தவள், அந்த ஒன்றை மட்டும் யோசிக்கவில்லை. இங்கே யாருமே யோசிப்பதில்லை.

எங்கள் கம்பெனியில் விசா வேலைகளைப் பார்ப்பவன் ராஜீவ். கோட்டயத்துக்காரன், தமிழ் நன்றாகப் பேசுவான். கிளம்புவதற்கு முந்தின வாரம் தாளிலெல்லாம் கையெழுத்துப் போட்டு அவனிடம் கொடுத்தேன்.

"சார், மேடத்தோட விசா மட்டும்தானா கேன்சல்? மோளோடது வேண்டாமா?"

"மேடம் ஊர்லயே செட்டில் ஆகுறாங்க. பாப்பா என்கூட."

"செரி சார். அப்ப மேடம் வெளிய போனப்புறம் போடலாம்."

"நான் மெசேஜ் பண்றேன். அன்னிக்குப் போடு."

ஆறாம் நாள்தான் படகுப் பயணம். ஏன் ஆறாம் நாள் என்று தாமரை கேட்டாள். வெயில் நன்றாக இருக்கும் என்றேன். பக்ரீத் முடிந்து குவைத்தில் ஆபீஸ்கள் திறக்கும் முதல் நாள் அது. மூன்று பேர் உட்காரும் படகு. தாமரை முன்னால், பாப்பா நடுவில், நான் பின்னால். பின்னால் இருப்பவன்தான் படகைத் திருப்புகிறவன். லா ரோக் கஜாக் என்று ஒரு ஊர், மொத்த ஊரும் பாறைக்கடியில் ஒண்டிக்கொண்டு ஆற்றைப் பார்த்து நிற்கும். அதைத் தாண்டி ஒரு கூழாங்கல் திட்டில் படகை ஏற்றிவிட்டுச் சாப்பிட்டோம். சாப்பிட்டுவிட்டு அவர்கள் இரண்டு பேரும் முழங்கால் தண்ணீரில் நின்று கல் எறிந்து விளையாடினார்கள். தாமரை எறிந்த கல் நாலு தடவை குதித்தது.

"என்னங்க, பாத்தீங்களா?" என்று திரும்பிப் பார்த்தாள். பார்த்தேன். கையில் போன் இருந்தது. "யல்லா, போட்டுடு" என்று ராஜீவுக்கு அனுப்பிவிட்டு, கட்டைவிரலை உயர்த்திக் காட்டினேன். அந்த எட்டு நாளில் அவள் அப்படிச் சிரித்தது அப்போதுதான். படமும் எடுத்திருக்கிறேன், வேண்டுமானால் அனுப்புகிறேன்.

எட்டாம் நாள் பாரிஸ் ஏர்போர்ட். கவுண்டரில் இருந்த பெண் மூன்று பாஸ்போர்ட்டையும் கம்ப்யூட்டரில் தட்டிப் பார்த்தாள். இரண்டு போர்டிங் பாஸ் வந்தது. மூன்றாவது வரவில்லை. இவருடைய குடியிருப்பு அனுமதி ரத்தாகிவிட்டது, ஏற்ற முடியாது என்றாள். நான் அதிர்ச்சியடைந்தேன். அதிர்ச்சியடைவதை முந்தின நாளே ஹோட்டல் கண்ணாடி முன்னால் நின்று பார்த்து வைத்திருந்தேன், நன்றாகவே வந்தது.

"ஏதோ சிஸ்டம் தப்பு. நான் போய் ஆபீஸ்ல நேர்ல நின்னாத்தான் சரி பண்ண முடியும்" என்றேன். நேரம் ஓடிக்கொண்டிருந்தது. பாப்பாவுக்கு மறுநாள் பரீட்சை. அதையும் பார்த்துத்தான் தேதி போட்டிருந்தேன்.

அப்போது தாமரை சொன்னாள்: "நீங்க பாப்பாவக் கூட்டிட்டுப் போங்க. நான் பின்னாடியே வந்துடறேன்."

இதை நீங்கள் உங்கள் ஃபைலில் அப்படியே குறித்துக்கொள்ள வேண்டும். பிள்ளையை நான் பிடுங்கவில்லை. அவளே குனிந்து, தலைமுடியை ஒதுக்கிவிட்டு, "அப்பா கையப் புடிச்சுக்கோ" என்று கொடுத்தாள். நான் அவள் பாஸ்போர்ட்டை அவள் கையில் கொடுத்தேன். சென்னைக்கு டிக்கெட்டும் போட்டுக் கொடுத்தேன், ஜன்னல் ஓரம். ஏர்போர்ட்டில் வைத்துத்தான் அவசரமாகப் போட்டேன் என்று அவள் இன்னமும் நினைத்துக்கொண்டிருக்கலாம். அதை மே மாதமே போட்டாயிற்று. நான் யாரையும் அந்நிய ஊரில் தவிக்க விட்டுவிட்டு வருகிறவன் இல்லை.

ஆக, கேன்சல் செய்தது நான்தான். தெரியாமல் நடந்தது, ராஜீவ் குழப்பிவிட்டான் என்றெல்லாம் சொல்ல மாட்டேன். அவனை இதில் இழுக்காதீர்கள், பாவம். டி.சி. விண்ணப்பத்தையும் குவைத் திரும்பிய மறுநாளே பள்ளிக்கூடத்தில் போய்த் திரும்ப வாங்கிவிட்டேன்.

தாமரை தினமும் போன் செய்தாள். பிள்ளைக்கு அந்த அழுகை ஆகாது என்று நம்பரை பிளாக் செய்தேன். சம்யுக்தா முதல் வாரம் கேட்டுக்கொண்டே இருந்தாள். பெற்றவளைப் பற்றி அவளிடம் ஒரு கெட்ட வார்த்தை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. அதனால், "அம்மாவுக்கு அந்த ஆத்தங்கரை ரொம்பப் புடிச்சுப்போச்சு கண்ணு. ஏர்போர்ட்லேர்ந்து திரும்ப அங்கயே போயிட்டா, இருந்துக்கிறேன்னு சொல்லிட்டா" என்றேன். அழகான ஊர், பிள்ளையும் பார்த்திருக்கிறாள். மறு கேள்வி கேட்கவில்லை. இப்போது சாப்பாடு, ஹோம்வொர்க், தூக்கம் எல்லாம் சொன்ன நேரத்துக்கு நடக்கிறது. ஒரு தடவைகூட அழுது நான் பார்த்ததில்லை. நீங்கள் வேண்டுமானால் வீடியோ காலில் வந்து பாருங்கள், பிள்ளை எவ்வளவு தெளிவாக இருக்கிறாள் என்று.

போன வெள்ளிக்கிழமை அடுத்த டூருக்கு உட்கார்ந்தோம், நானும் அவளும். இந்தத் தடவை ஓமனில் இருக்கும் சலாலா. சாரல் சீசனில் மலையெல்லாம் பச்சையாக இருக்கும். நான் நீர்வீழ்ச்சிப் படங்களைக் காட்டிக்கொண்டிருந்தேன். அவள் பென்சிலை வைத்துக்கொண்டு கவனமாகக் கேட்டாள்: "திஸ் டைம் யாரை விட்டுட்டு வருவோம்ப்பா?"

இந்த வயதிலேயே எல்லாவற்றையும் முன்கூட்டிக் கேட்டு வைத்துக்கொள்கிறாள், மேடம். அதில் அப்படியே என்னை உரித்து வைத்திருக்கிறாள்.