இருபது பொய் வயிறு

அஜிதா: சிரிக்காதீங்க. நெசமாத்தான் சொல்லுதேன், இந்த வயித்துல ஒண்ணு குறையுது.

தாணுமாலையன்: நீ பசியில பேசுத. முதல்ல சோத்தைத் தின்னு.

அஜிதா: டூட்டி முடிஞ்சு ரெண்டு பஸ் மாறி, கழக்கூட்டத்துல உங்க ஆபீஸ் வரைக்கும் சோறு கொண்டு வந்தது உங்களுக்கு. பாத்துச் சொல்லுன்னு கூப்பிட்டதும் நீங்கதான்.

தாணுமாலையன்: கூப்பிட்டேன்... எட்டு வருஷமா ஆஸ்பத்திரி ஸ்கேன் ரூம்ல இருக்க, உன் கண்ணுக்கு ஒண்ணும் தப்பாதுன்னு. ஆனா நாலு மணிக்குள்ள அனுப்பணும், கேட்டியா. இப்பமே மூணு ஆச்சு.

அஜிதா: அப்படி என்ன அவசரம், இந்தப் பொய் வயித்துக்கு?

தாணுமாலையன்: ஏட்டி, ஆபீஸ்ல வச்சு பொய் வயிறுன்னு சொல்லாத. ஸ்கேன் மெஷின் சரியா அளக்குதான்னு பாக்கதுக்கு, பல ஊர்க்காரங்க சேர்ந்து பொதுவா ஒரு படச் சேமிப்பு வச்சிருக்காங்க. அதுல நோயாளி படத்தைப் போட முடியாதுல்லா. அதான் கம்ப்யூட்டர்ல செஞ்ச வயிறு. எங்க ஆபீஸ்ல இருந்து போற முதல் இருபது இதுதான். ஒரு வருஷ வேலை.

அஜிதா: செரி. இருபதுலயும் இடது கிட்னி எங்க?

தாணுமாலையன்: ...எங்க?

அஜிதா: அதைத்தான் நானும் கேக்கேன். கல்லீரல் இருக்கு, மண்ணீரல் இருக்கு. இடது கிட்னி இருக்க வேண்டிய இடம் காலி.

தாணுமாலையன்: அய்யோ. விட்டுப்போச்சு.

அஜிதா: ஒண்ணுல விட்டா மறதி. இருபதுலயும் விட்டா?

தாணுமாலையன்: எல்லாம் ஒரே அச்சு. அச்சுலயே விட்டுப்போச்சு. பத்து நிமிஷம்... வலதைத் திருப்பி இடது பக்கம் வச்சிருவேன்.

அஜிதா: வைக்க முடியாது. வலது பன்னிரண்டரை சென்டிமீட்டர் இருக்கு. ஒத்தையா கிடந்து ரெண்டு கிட்னி வேலையையும் பாத்தாத்தான் இப்படிப் பருக்கும்.

தாணுமாலையன்: அளவு கொஞ்சம் கூடியிருக்கும்...

அஜிதா: இடது பக்கம் கடைசி விலா எலும்பு நுனி குறையுது, ஆபரேஷன்ல வெட்டின மாதிரி. எலும்பு நுனியைக்கூட விடாம வரைஞ்ச மனுஷர், கிட்னியை மறந்தீங்களாக்கும்.

தாணுமாலையன்: நீ ஸ்கேன் ரூம்ல இருக்க வேண்டியவளே இல்ல. போலீஸ்ல...

அஜிதா: பேச்சை மாத்தாதீங்க. இந்த அச்சு யாரைப் பாத்து எடுத்தது?

தாணுமாலையன்: அது... ஒரு பழைய படம் கிடந்துச்சு.

அஜிதா: யாரோட படம்?

தாணுமாலையன்: யாரோ ஒரு ஆளு.

அஜிதா: அப்ப இந்த ஃபாரத்தைப் பாருங்க. செய்தவர், தாணுமாலையன். எழுதியாச்சு. அதுக்குக் கீழ, 'யாருடைய உடம்பில் அளவு எடுத்தது, அவர் கையெழுத்து'. அந்தக் கட்டம் காலி. இது இல்லாம அனுப்பினா திருப்பி அனுப்பிருவாங்க, உங்க ஒரு வருஷமும் போச்சு. அந்த யாரோ ஒரு ஆளைக் கூப்பிடுங்க, வந்து போட்டுட்டுப் போகட்டும்.

தாணுமாலையன்: அவரு... ஊர்ல இல்ல.

அஜிதா: தம்பானூர்ல போயி ரயில் ஏத்தி விட்டுட்டு வந்தீங்களோ?

தாணுமாலையன்: அஜிதா...

அஜிதா: சொல்லுங்க.

தாணுமாலையன்: என் விலாவுல ஒரு தழும்பு இருக்குல்லா.

அஜிதா: கல்லாறுல பாறையில விழுந்தது.

தாணுமாலையன்: விழல.

அஜிதா: ஏழு வருஷமா விழுந்துட்டுத்தானே இருந்தீங்க. போன மாசம் எங்க அண்ணன்கிட்ட சொல்லும்போது பாறை ரெண்டாள் உயரம். கல்யாணமான புதுசுல முழங்கால் உயரம்தான் இருந்துச்சு.

தாணுமாலையன்: கேலி பண்ணாத... சொல்ல விடு. அக்காவுக்குக் குடுத்தேன். தொண்ணூத்தி நாலுல. ரெண்டு கிட்னியும் போயி, அவ பிழைக்க மாட்டாள்னு டாக்டர் சொல்லிட்டாங்க. எனக்கு வேற ஒண்ணும் தோணல. கல்யாணம் பேசும்போது அம்மைதான் சொல்லாதடான்னா. ஒத்தைக் கிட்னிக்காரனுக்கு எவன் பொண்ணு குடுப்பான்னா. கட்டின பிறகு சொல்லிரலாம்னு இருந்தேன்... பிறகு பயமாயிட்டு. ஏமாத்திக் கட்டிட்டான்னு நீ விட்டுட்டுப் போயிருவியோன்னு.

அஜிதா: அப்ப, உங்க அக்கா சூடாமணி மைனி தினம் ரெண்டு நேரம் மாத்திரை திங்கிறது பிரஷருக்குன்னு சொன்னது...

தாணுமாலையன்: பொய்தான். எல்லாருமாச் சேர்ந்து சொன்னது. கோவமா?

அஜிதா: முதல்ல கையெழுத்தைப் போடுங்க.

தாணுமாலையன்: பேனாவைக் குடு.

அஜிதா: இந்தாங்க, போடுங்க. பத்தொம்பதுல இடது கிட்னியைச் சேருங்க, வலதை அளவாக்குங்க. ஒண்ணை மட்டும் இப்படியே விட்டு, 'ஒரு சிறுநீரகத்தைத் தானம் கொடுத்தவர்'னு எழுதுங்க. அப்படி ஆளும் உலகத்துல உண்டுல்லா, மெஷின் தெரிஞ்சுக்கட்டும்.

தாணுமாலையன்: ஒரு வார்த்தை திட்டலியே நீ... அழவும் இல்ல. அஜிதா, உனக்கு எப்பம் தெரியும்?

அஜிதா: தொண்ணூத்தி அஞ்சுல செக்கப்புக்கு வந்து ஸ்கேன்ல படுத்தீங்க. மூச்சைப் பிடிங்க, விடுங்கன்னு மைக்ல சொன்னது நான்தான். நீங்க பயந்து கண்ணை இறுக்கி மூடிக் கிடந்தீங்க, என்னைப் பாக்கல. சீட்டுல, இடது கிட்னியை அக்காவுக்குக் கொடுத்தவர்னு டாக்டர் எழுதியிருந்தாரு. மறு வருஷம் பொண்ணு பாக்கன்னு வந்து எங்க வீட்டுல உக்காந்திருந்தது அதே ஆளு. பிடிச்சிருக்கான்னு எங்க அம்மா வந்து கேக்கதுக்குள்ள, நான் சரின்னு சொல்லிட்டேன்.