பதினாலாம் நம்பர் வீடு

— தாழ்ப்பாளை நான்தான் போட்டேன். கையை எடு. வந்து உக்காரு.

— என்னங்க இது, மத்தியானம் சாப்பிட வந்தவளைக் கைதி மாதிரி உக்கார வைக்கிறீங்க? அரை மணி நேரத்துல ஆபீசுக்குத் திரும்பணும். லேட்டானா அந்தப் பட்டாளத்து அதிகாரி என்னை வறுத்தெடுத்துடுவான்.

— உண்மையச் சொல்லு. முந்தாநாள் நான் கடிகாரம் ரிப்பேர் பண்ற மேஜைல, கண்ணாடித் தட்டுக்கு அடியில ஒரு சீட்டு இருந்துச்சு. படிச்சியா?

— படிச்சேன். ரொட்டிக்கடைத் தெரு, பதினாலாம் நம்பர். படிச்சதும் அடுப்புல போட்டேன். துண்டுக் காகிதத்தைக்கூட வீட்டுல விட்டு வைக்காத மனுஷன் இப்படி மறந்துட்டாரேன்னு எனக்கு ஈரக்கொலையே நடுங்குச்சு.

— மறக்கல. நீ பாக்கணும்னுதான் வெச்சேன்.

— என்ன சொன்னீங்க?

— நம்ம இயக்கத்துப் பெரியவர் உத்தரவு. நம்ம ஆளுங்க மூணு பேர் பட்டாளத்துக்கிட்ட வரிசையா மாட்டினாங்கல்ல, காட்டிக் கொடுக்கிறது நமக்குள்ளயே ஒரு ஆள்னாரு. அவருக்கு உன் மேல சந்தேகம். அது காலி வீடு. அந்த விலாசம் உன் கண்ணுல மட்டும் படணும். அங்க பட்டாளம் போச்சுன்னா அது நீதான். இன்னைக்குக் காலையில போயிருக்கு. கதவை உடைச்சிருக்காங்க.

— நம்பிட்டீங்களா?

— உண்மையச் சொல்லு, அது போதும்.

— இந்தா பாருங்க. நாலு வருஷத்துக்கு முன்னாடி நம்மளை இயக்க வேலைக்காகத்தான் புருஷன் பொண்டாட்டின்னு குடி வெச்சாங்க. அதுக்கப்புறம் நடந்ததுக்கு எந்தப் பெரியவரும் உத்தரவு போடல.

— அதனாலதானே கேக்கறேன்.

— அப்ப கேட்டுக்குங்க. அவங்க சோதனை போடற தெருவையெல்லாம் டைப் அடிக்கிறவ நான். அந்தத் தெருவுக்கு நாளைக்குத்தான் முறை. இன்னைக்கு ஒரு சிப்பாய் அந்தப் பக்கம் எட்டிப் பாக்கல.

— பெரியவர் கண்ணால பாத்தேன்னாரே.

— அவர் எதைப் பாத்தாரோ. நான் நேத்து சாயந்திரம் அந்த வீட்டுக்கே போனேன்.

— ஐயோ. எதுக்குடி போன?

— நீங்க யாரையோ அங்க ஒளிச்சு வெச்சிருக்கீங்கன்னு நினைச்சேன். பட்டாளம் வரப்போகுதுன்னு ஒரு வார்த்தை சொல்லிட்டா அந்த ஆளும் பிழைப்பான், உங்க தலையும் தப்பும்னு போனேன். இந்தா பாருங்க, வேலியில போன ஓணானை எடுத்து மடியில விட்டுக்கிட்டேன்.

— காலி வீட்டுக் கதவைத் தட்டிட்டு வந்திருக்க.

— காலியா? ஆள் வந்து திறந்தாரே.

— யாரு?

— வயசானவர். கிராம்பு மென்னுக்கிட்டே பேசினாரு. இடது காது மடல் பாதி இல்ல. என் வீட்டுக்காரர் சீட்டைப் பாத்து வந்தேன்னதும், உன் புருஷன் கொடுத்து வெச்சவன்மான்னு சிரிச்சாரு. அவருக்குப் பின்னாடி மேஜை மேல ஒரு பட்டாளத்துத் தொப்பி இருந்துச்சு.

— இதை ஏன் நேத்தே சொல்லல?

— எப்படிச் சொல்லுவேன்? சீட்டு உங்க கையெழுத்து. அங்க போனா எதிரியோட தொப்பி. நீங்களும் அந்தப் பக்கம்தானோன்னு ராத்திரி பூரா உங்க முதுகையே பாத்துக்கிட்டுப் படுத்திருந்தேன். பயமா இருந்துச்சு.

— நீ பெரியவரைப் பாத்ததே இல்லல்ல?

— நான் எங்க பாத்தேன்? உங்ககிட்ட மட்டும்தானே வருவாரு.

— அவருக்கு இடது காது பாதிதான்.

— அப்ப அந்த மூணு பேரும்...

— அவர்தான். அந்தப் பழிக்கு ஒரு ஆள் வேணும். அதுக்கு உன்னைத் தேர்ந்தெடுத்திருக்காரு.

— எந்திரிங்க. பின்பக்கப் படி வழியா இப்பவே போயிடலாம். எதுவும் எடுக்க வேண்டாம். என்னங்க, கூப்பிடக் கூப்பிட ஜன்னலையே பாக்கறீங்க? அந்த நீலப் போர்வை எப்படி அங்க காயுது? நான் இன்னைக்குத் துவைக்கவே இல்லையே.

— நீதான்னு ஊர்ஜிதமானா அதை வெளியில போடு, அதைப் பாத்து ஆளுங்க வந்து முடிச்சுடுவாங்கன்னாரு. நீ தெருமுனை திரும்பறப்பவே போட்டுட்டேன். போட்டதுக்கு அப்புறம்தான், உன்னை ஒரு வார்த்தை கேக்கணும்னு தோணுச்சு.