லீட்ஸ்வாசியின் பதினான்கு திருத்தங்கள்

எனக்கு மதியத் தூக்கம் பழக்கமில்லை. புதுச்சேரியில் இப்படி ஒருவன் இருப்பதே அதிசயம். ஒரு மணி ஆனால் கடைகள் ஷட்டரை இறக்கிவிடும். நாலு மணிக்குத்தான் ஊர் மறுபடி எழுந்து முகம் கழுவும். நெல்லித்தோப்பில் என் மூக்குக்கண்ணாடிக் கடையும் அப்படித்தான். மாடியில் வீடு. போய்ச் சாப்பிட்டுவிட்டு, மனைவி நிதாவிடம் "கடையைப் பார்க்கணும்" என்று சொல்லி இறங்கி வந்து, மூடிய கடைக்குள் உட்கார்ந்து ஃபோனில் இங்கிலாந்தைத் திருத்திக்கொண்டிருப்பேன்.

நிர்வாகி கார்குழலி அவர்களே, விளக்கம் கேட்டு எழுதியிருந்தீர்கள். ஒளிக்க ஒன்றுமில்லை. உங்கள் ரசிகர் கதைத் தளத்தில் 'லீட்ஸ்வாசி' என்ற பெயரில் இருப்பவன் அப்துல் முத்தலிப், வயது நாற்பத்தெட்டு. இங்கிலாந்தின் லீட்ஸ் நகரை நான் பார்த்ததில்லை. எங்கள் ஊர் பிரெஞ்சுக்காரர்கள் ஆண்டது. என் பாட்டனார் காலத்தில் கனகசெட்டிக்குளத்தைத் தாண்டினால் பிரிட்டிஷ் எல்லை. சென்னைக்குப் போகும்போது பேருந்தில் அந்த எல்லையைப் பலமுறை கடந்திருக்கிறேன். எனக்கும் பிரிட்டனுக்கும் உள்ள நேரடித் தொடர்பு அவ்வளவுதான்.

நம் தளத்தில் எல்லோரும் 'கிரேஸ்டன் காவல் நிலையம்' தொடரை வைத்துத்தான் கதை எழுதுகிறோம். ஆங்கிலேயர்கள் எடுத்த தொடரை அமெரிக்கர்களும் ஒருமுறை எடுத்துத் தொலைத்தார்கள். நம் ஆட்கள் இரண்டையும் பார்த்துவிட்டுக் கலந்துகட்டி அடிக்கிறார்கள். இன்ஸ்பெக்டர் ஹார்வுட் இங்கிலாந்து மழையில் நனைந்து வந்து, அமெரிக்க வீட்டு நிலவறையில் துணி துவைக்கிறார். இங்கிலாந்தில் வாஷிங் மெஷின் சமையலறையில் இருக்கும். ரோந்து போகிற போலீஸ்காரர் இடுப்பில் துப்பாக்கி இருக்காது. சுவரில் ப்ளக் பக்கத்திலேயே நம் வீட்டைப் போல சுவிட்ச் இருக்கும், அமெரிக்காவில் கிடையாது. இதையெல்லாம் ஒருவர் சொல்ல வேண்டாமா? பவர் கால் புள்ளி தப்பினாலும் வாடிக்கையாளருக்குத் தலைவலி வரும் தொழிலில் இருப்பவன் நான். பார்த்துக்கொண்டு சும்மா இருக்க வராது.

நானும் கதை எழுதினேன், இருபத்திரண்டு அத்தியாயம். ஓர் அத்தியாயம் முழுக்க ஹார்வுட் தேநீர் போடுவார். பாலை முதலில் ஊற்றுவதா பிறகு ஊற்றுவதா என்று நீளமாக ஆராய்ந்திருக்கிறேன். அதற்கு ஒரே ஒரு வாசகர்தான். பெயர் 'ஜன்னலோரம்'. லண்டனில் இருப்பதாகத் தன் பக்கத்தில் போட்டிருந்தார். ஒருமுறை, "உங்க ஹார்வுட்டுக்கு எல்லாம் தெரியுது சார். கூட உக்காந்து டீ குடிக்க ஒருத்தர் இருந்தா நல்லாருக்கும்" என்று எழுதினார். அத்தனை ஆராய்ச்சி செய்த பாலைப் பற்றி ஒரு வார்த்தை இல்லையே என்று எனக்குக் கொஞ்சம் வருத்தம்.

ஜன்னலோரமும் கதை எழுதினார். அதற்கு நானூறு பேர் காத்துக்கிடந்தார்கள். எனக்குப் பொறாமை கிடையாது, இதையும் குறித்துக்கொள்ளுங்கள். அவர் கதையில் சின்னச் சின்னப் பிசகுகள் வரும். பணிவாகச் சொல்வேன், அவரும் உடனே மாற்றிவிட்டு நன்றி சொல்வார்.

ஒன்பதாம் அத்தியாயத்தில் வழக்கு முடிகிறது. நிலையத்துக்குப் பின்னால் ஹார்வுட்டும் இன்னும் மூன்று பேரும் சாப்பிட உட்காருகிறார்கள். மீனும் உருளைக்கிழங்கும் ஒரே பெரிய தட்டில். நாலு பேரும் அதைச் சுற்றி உட்கார்ந்து அதிலிருந்தே எடுத்துச் சாப்பிடுகிறார்கள். மேலதிகாரி பிரைஸ் பாதியில் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு, "ஸ்டேஷனைப் பார்க்கணும்" என்று எழுந்து போகிறார். ஹார்வுட்டும் சாப்பிட்டு முடித்துவிட்டார். ஆனால் எழவில்லை. புதிதாக வேலைக்கு வந்த பெண் காவலர் மெதுவாகச் சாப்பிடுகிறாள். அவள் முடிக்கும்வரை அவர் ஓர் உருளைக்கிழங்குத் துண்டைத் தட்டில் இங்குமங்கும் நகர்த்திக்கொண்டே இருக்கிறார்.

இங்கிலாந்தில் எவரும் இப்படிச் சாப்பிடுவதில்லை. அமெரிக்காவிலும் இல்லை. காரைக்காலில் சாப்பிடுவார்கள். கல்யாண வீட்டில் பெரிய தட்டில் சோற்றைக் கொட்டி நாலு பேர் சுற்றி உட்காருவார்கள், சஹன் என்போம். முதலில் முடித்தவர் கையை எடுக்கக் கூடாது. மற்றவர் கூச்சப்பட்டு அரைவயிற்றோடு எழுந்துவிடுவார் என்பதற்காக, சும்மாவாவது சோற்றை அளைந்துகொண்டிருக்க வேண்டும். நிதா காரைக்கால் பெண். எங்கள் கல்யாணத்தன்று அந்த சஹனிலிருந்து முதலில் எழுந்தவன் நான். கடை ஞாபகம் வந்துவிட்டது. இருபத்தோரு வருஷமாக அவள் தினமும் சொல்வாள், "ரெண்டு வாய்தாங்க பாக்கி. செத்த இருங்களேன்." நான் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே கடையைப் பார்க்கணும் என்பேன்.

ஆக, மதியம் நான் கீழே லீட்ஸில் இருந்தபோது அவள் மேலே லண்டனில் இருந்திருக்கிறாள். நடுவில் பதினாறு படிகள். என்னுடைய ஒரே வாசகியும் அவள்தான் என்பதும் அப்போது புரிந்தது. ஒரு நிமிஷம் கண் கலங்கியது, அதை மறுக்கவில்லை. மேலே ஏறிப் போய்ப் பக்கத்தில் உட்கார்ந்திருக்கலாம். ஆனால் ஆள் தெரிந்துவிட்டது என்பதற்காகப் பிழையை விட்டுவிட்டால் அது பாரபட்சம் ஆகிவிடும் இல்லையா?

பதினான்கு திருத்தங்களைப் பொதுவில் போட்டேன். பதின்மூன்று சில்லறை. பதினான்காவது அந்தத் தட்டு. இதை எழுதியவர் லண்டனைக் கண்ணால்கூடப் பார்த்தவர் இல்லை என்றும் சேர்த்தேன். அப்புறம் ஹாதி, ஸாகிப், ஹனீன் என்று மூன்று பேர் வந்து சிரித்தார்கள். அவர்கள் யார் என்று கேட்டிருந்தீர்கள். மூவரும் என் தங்கை பிள்ளைகள். பெயர்கள் மட்டும்தான் அவர்களுடையவை; எழுதியது நான். ஒருவன் சொன்னால் தனிப்பட்ட விரோதம் என்பார்கள், நாலு பேர் சொன்னால் விமர்சனம் என்று எடுத்துக்கொள்வார்கள் என்று நினைத்தேன். நாலு பேர் சிரித்ததும் மற்றவர்களும் சிரித்தார்கள். அவர்களை நான் சிரிக்கச் சொல்லவில்லை.

இரண்டு நாள் கழித்து அவள் எழுதினாள்: "நான் லண்டன்ல இல்லைங்க. பொய்தான் சொன்னேன், மன்னிச்சுடுங்க. மத்ததெல்லாம் மாத்திடறேன். அந்தத் தட்டை மட்டும் விட்டுடுங்க சார்."

எந்தப் படியில் உட்கார்ந்து எழுதினாள் என்றுகூட எனக்குத் தெரியும். மேலே மூக்கை உறிஞ்சும் சத்தம் ஷட்டர் வரை கேட்டது. "தட்டுதான் பெரிய தவறு" என்று பதில் போட்டேன். ஒன்பது அத்தியாயங்களும் அன்றே தளத்திலிருந்து காணாமல் போயின. ஜன்னலோரம் என்ற பெயரும் போயிற்று. நானூறு பேர் உங்களிடம் புகார் கொடுத்தது அதற்குத்தான் என்று நினைக்கிறேன்.

வீட்டில் எந்த மாற்றமும் இல்லை. சமையலில் உப்பு சரியாக இருக்கிறது. முன்பெல்லாம் மதியத்தில் மேலே தனக்குத்தானே சிரிக்கும் சத்தம் வரும், அது நின்றுவிட்டது. போன வாரம் கேட்டேன், "என்ன நிதா, மத்தியானம் எல்லாம் தூங்க ஆரம்பிச்சுட்டே?"

"வேற என்னங்க வேலை இருக்கு" என்றாள். இரண்டு வாய் பாக்கி இருந்தது. இருங்க என்று அவள் சொல்லவில்லை. நானும் இறங்கி வந்துவிட்டேன்.

செய்தது நான்தான், கார்குழலி அவர்களே. தெரிந்தேதான் செய்தேன். என் கணக்கை முடக்குவதாக இருந்தால் அதற்கு முன் என் இருபத்து மூன்றாம் அத்தியாயத்தை ஒருமுறை படித்துப் பாருங்கள். கிரேஸ்டனில் நாலு பேர், நாலு தட்டு, நாலு முள்கரண்டி. முடித்தவர் முடித்தவுடன் எழுந்து போகிறார். தளத்தில் போட்டுப் பதினோரு நாள் ஆகிறது, கீழே யாரும் ஒரு வார்த்தை எழுதவில்லை. ஒரு பிழையாவது இருந்திருந்தால் யாராவது சொல்லியிருப்பார்கள்.