சோபாவுக்கு அடியில் இருந்த தூசி

திருத்தணியில் பள்ளிப்பட்டு பஸ் கிளம்பக் காத்திருந்தது. முன் சீட்டில் இருந்த ஒரு அம்மா பக்கத்துப் பெண்ணிடம் சொன்னதைக் கேட்டு நான் போனை மூடி வைத்தேன்.

“எங்க வீட்டு தூசிய என் பொண்ணு மெட்ராசுக்கு எடுத்துகினு போய்ட்டா.”

“தூசியையா? எதுக்குக்கா?”

“காலேஜ்ல கெமிஸ்ட்ரி படிக்கிறா இல்ல, டெஸ்ட் பண்றதுக்கு. கூட படிக்கிறவங்க எல்லாம் குடுக்க வெக்கப்பட்டாங்களாம். இவ சோபாவுக்கு அடியில பெருக்கி கவர்ல போட்டுகினா. மானத்த வாங்காதடின்னு நான்கூட கத்துனேன்.”

“என்னா இருந்துச்சாம்?”

“சோபா ஸ்பாஞ்சு சீக்கிரம் நெருப்பு புடிக்கக் கூடாதுன்னு ஒரு மருந்து போடுவாங்களாம். ஸ்பாஞ்சு உதிர உதிர அது தூசில கலந்துடுதாம், ஒடம்புக்கு ஆகாதாம். எங்க பேரன், பெரியவனோட புள்ள, தரையில தவழ்ந்துகினு, அந்தக் கையதான வாயில வெக்கிறான்!”

“ஐயய்யோ! அண்ணன் என்னா சொன்னாரு?”

“நெருப்பு புடிக்கலன்னா நல்லதுதானன்னு சண்டைக்கு வந்தாரு. ‘நெருப்பு என்னிக்கோ வரும் நைனா, கொழந்த தெனமும் கைய சப்புது’ன்னா இவ. ஆசை ஆசையா வாங்குன சோபாவ அவரே வெளிய தள்ளிட்டாரு. இப்ப ஈரத்துணியால தரைய தொடைக்கிறதும் அவருதான்.”

டிரைவர் ஏறி என்ஜினைக் கிளப்பினார். அந்த அம்மா குரலை உயர்த்தினார்.

“போன வாரம் காலேஜ் மேடையில மைக்க புடிச்சி, ‘இது எங்க வீட்டு தூசி’ன்னு சொன்னா பாரு! நான் எழுந்து நின்னு கை தட்டுனேன்.”

பக்கத்துப் பெண்ணும் குரலை உயர்த்தினாள்.

“எங்க வீட்லயும் பழைய சோபாதான். ஞாயித்துக்கிழம அவள அனுப்புக்கா. அதுவரைக்கும் அந்தப் பக்கம் நான் பெருக்கமாட்டேன்.”